கடுகு வெடிக்கும்போது பேசாதீர்கள்

"காய்ச்சல் வந்து படுத்திருக்கும்போது உங்க வாய் எதைக் கேட்கும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கடையில விக்கிறது வேணாம். வீட்டுல ஆக்குனது."

சமையல் வகுப்புக்குப் பெயர் கொடுத்த அன்று இரவு புலனத்தில் வந்த குரல் பதிவு இது. வகுப்பில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள், எதைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதிலுக்கு இந்தக் கேள்வி வந்தது. வகுப்பில் சேர்ந்த ஆறு பேருக்கும் இதே கேள்விதான் போயிருக்கிறது. ஆறு பேர் சொல்லும் பதில்தான் அன்றைய சமையல். இப்படிப் பாடத்திட்டம் போடுகிறவரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

வந்த பதில்களைக் கேளுங்கள். திருமணமாகி ஒரு வருடமான சீன ஆசிரியை ஒருவர் ரசம் என்றார். கணவர் தமிழர். காய்ச்சல் வந்தால் அவர் அதை மட்டும்தான் கேட்கிறாராம், முதலில் ஏதோ மருந்து என்றுதான் இவர் நினைத்திருக்கிறார். கணக்காளர்களாக இருக்கும் அக்கா தங்கை இருவர் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் என்றார்கள். அடுத்த மாதம் வேலைக்காக பெர்த் நகருக்குக் கிளம்பும் பையன் மைசூர் பருப்பு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் சார்டின் பிரட்டல். நானும் ரசம் என்றே சொல்லியிருந்தேன். ஆக ஆறு பேருக்கு நாலு சமையல்.

கேக் சுடவும் பாஸ்தா பிசையவும் சொல்லிக் கொடுக்கும் வகுப்புகள் நம் பேரங்காடிகளில் நிறைய இருக்கின்றன. பளபளக்கும் மேடை, ஆளுக்கொரு அடுப்பு, முடிவில் ஒரு சான்றிதழ். இது அந்த ரகம் இல்லை. கிள்ளானில் ஒரு தாமான், வரிசை வீடு, அதன் பின்பக்கம் தகரக் கூரை போட்டு நீட்டிய சமையலறை. ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. ஆளுக்கு 120 வெள்ளி. ஏப்ரனும், மிச்சத்தை எடுத்துப்போக டப்பாவும் நாமே கொண்டுபோக வேண்டும்.

ஆங்கிலத்தில் 'கம்ஃபர்ட் ஃபுட்' என்கிறார்களே, விளம்பரத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது. தமிழில் 'ஆறுதல் உணவு' என்று எழுதிப் பார்த்தேன். துக்க வீட்டுச் சாப்பாடு போல ஒலித்தது. என் அம்மா 'வாய்க்கு இதமா ஏதாவது' என்பார். அதற்குமேல் ஒரு கலைச்சொல் தேவையா என்ன?

நான் போனது அந்த அம்மாவுக்காகத்தான்.

2021-இல் எங்கள் வீட்டுக்கும் கோவிட் வந்தது. எனக்கு ஐந்து நாள் காய்ச்சல், அதோடு போய்விட்டது. அம்மாவுக்கு மூச்சுத் திணறல் எதுவும் இல்லை, ஆனால் ஆறாம் நாள் காலை கோப்பியை எடுத்துக் குடித்துவிட்டு, "இதென்னப்பா, வெறும் சுடுதண்ணியைக் கொடுத்திருக்கே" என்றார். அன்றிலிருந்து அவருக்கு வாசனை தெரியவில்லை. பலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்பிய முகர்வு, அம்மாவுக்குத் திரும்பவே இல்லை.

நாக்குக்குத் தெரிந்தது ஐந்தே ஐந்துதான்: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சியிலும் காளானிலும் வரும் அந்த 'உமாமி'. மிளகாயின் காரம் சுவைகூட இல்லை, அது எரிச்சல். மற்றபடி நாம் ருசி ருசி என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் மூக்கின் வேலை. மெல்லும்போது வாய்க்குள்ளிருந்து மேலே ஏறுகிற வாசனைதான் மல்லியை மல்லி என்றும் சீரகத்தைச் சீரகம் என்றும் சொல்கிறது. அந்தக் கதவு மூடிவிட்டால் சாம்பாரும் ரசமும் புளித்த, உப்பிட்ட, காரமான இரண்டு தண்ணீர்கள்.

மருத்துவர் முகர்வுப் பயிற்சி செய்யச் சொன்னார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் தாமஸ் ஹம்மல் என்ற மருத்துவர் குழு 2009-இல் வெளியிட்ட முறை அது. ரோஜா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நாலு வாசனைகளைக் காலையும் மாலையும் முகர வேண்டும், குறைந்தது பன்னிரண்டு வாரம். அம்மா வருடக்கணக்கில் செய்தார். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் நாலு சின்னப் போத்தல்கள், விளக்கு ஏற்றிவிட்டு நாலையும் முகர்வார். கிராம்பு மட்டும் "தூரத்துல யாரோ கூப்பிடுற மாதிரி" தெரிகிறது என்பார். மற்ற மூன்றும் இல்லை.

சமையலை அம்மா ஒரே நாளில் விடவில்லை. முதலில் "உப்பு சரியா இருக்கா பாரு" என்று கேட்க ஆரம்பித்தார். பிறகு "கருகுற வாசம் வருதா?" என்று கேட்டார். ஒருநாள் அடுப்பு அணைந்து எரிவாயு கசிந்துகொண்டிருந்தது, அவர் அங்கேயே நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் வீட்டுக்குள் நுழைந்ததும்தான் தெரிந்தது. கசிவு கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை வாங்கி மாட்டினேன். அதற்குப் பிறகு அம்மா அடுப்புப் பக்கம் போவது குறைந்துபோனது. வாரத்தில் நாலு நாள் கட்டுச்சோறு, மூன்று நாள் மீஹூன். "கண்ணைக் கட்டிக்கிட்டுக் கோலம் போடுற மாதிரி இருக்குப்பா" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அவர் புகார் சொல்லும் ஆள் இல்லை.

எனக்கு முப்பத்து நாலு வயது. காலை நிகழ்ச்சி நடத்துகிறேன். முகம் தெரியாத எத்தனையோ பேரிடம் தினமும் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பது என் பிழைப்பு. வீட்டில் இருக்கும் ஒருவர் பசியாறியும் ஆறாமல் தட்டைத் தள்ளிவைப்பதைப் பார்த்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

சரி, வகுப்புக்கு வருவோம்.

சொல்லிக் கொடுக்கும் ஆன்ட்டிக்கு அறுபதைத் தாண்டிய வயது. ஒரு தமிழ்ப்பள்ளியில் இருபது வருடத்துக்கும் மேல் சிற்றுண்டிச்சாலை நடத்தியவர். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "பேரு போட்டா போன் வரும், போன் வந்தா அடுப்புல கருகும்" என்பது அவர் வாதம். சமையல் குறிப்புத் தாள் கிடையாது. கைப்பேசியில் காணொளி எடுக்கவும் கூடாது. "வீட்டுக்குப் போயி பார்த்துக்கலாம்னு தோணிட்டா, இங்க கண்ணு காது ரெண்டும் தூங்கிடும்."

முதலில் ரசம். எலுமிச்சை அளவு புளி ஊறியிருந்தது. மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் கல் உரலில் போட்டு ஆளுக்கு நாலு இடி இடிக்கச் சொன்னார். மாவாகக் கூடாது, ஒன்றிரண்டாக உடைந்தால் போதும். தக்காளியைக் கத்தியால் வெட்டவில்லை, புளித்தண்ணீரிலேயே கையால் பிசைந்தார். சீன ஆசிரியை கையை உள்ளே விடத் தயங்கியபோது, "உன் மாமியார் கையில சாப்பிடும்போது இந்த யோசனை வந்துச்சா?" என்று மலாயில் கேட்டார். எல்லாரும் சிரித்தோம், அந்தப் பெண்தான் முதலில் சிரித்தார்.

வெள்ளைக்காரர்கள் 'மல்லிகட்டானி' சூப் என்று இன்றைக்கும் குடிக்கிறார்களே, அது நம் மிளகுத் தண்ணீர்தான். பெயரைக் கொண்டுபோனார்கள். ரசத்தை விட்டுவிட்டு இறைச்சியும் கறித்தூளும் போட்டுக் கெட்டியாக்கிக்கொண்டார்கள். நான் இந்தத் தகவலை அந்த இடத்தில் எடுத்துவிட, ஆன்ட்டி கையைத் தூக்கினார்.

"தம்பி, ரேடியோவைக் கொஞ்சம் அணைங்க. சட்டி பேசுது."

வானொலியில் மூன்று வினாடி அமைதி விழுந்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அப்படிப்பட்டவனைப் பேசாதே என்று சொன்னால்? ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆறு பேரையும் அடுப்பைச் சுற்றி நிற்கவைத்துவிட்டு, காற்றாடியை நிறுத்தினார். பின்பக்கக் கதவைச் சாத்தினார். "டியாம். டெங்கார்" என்றார், எல்லாருக்கும் பொதுவாக.

கேட்டோம். ரசம் அடுப்பில் முனகிக்கொண்டிருந்தது. சூடு ஏற ஏற அந்த முனகல் வளர்ந்து, ஒரு கட்டத்தில் தூரத்தில் லாரி ஏறுகிற சத்தம் போல ஆனது. பிறகு திடீரென்று தணிந்தது. விளிம்பில் நுரை கட்டியது. "இப்ப!" என்று அடுப்பை அணைத்தார்.

கொதிக்கப்போகும் தண்ணீர் சத்தம் போடும், கொதித்த தண்ணீர் அடங்கிப்போகும். பின்னால் படித்துப் பார்த்தேன், காரணம் எளிமையானது. அடியில் உண்டாகும் நீராவிக் குமிழிகள் மேலே இருக்கும் குளிர்ந்த தண்ணீருக்குள் வந்ததும் நொறுங்கிவிடும். அந்த நொறுங்கல்தான் முனகல். தண்ணீர் முழுக்கச் சூடானதும் குமிழி நொறுங்காமல் மேலே வந்து வெடிக்கும், சத்தம் மென்மையாகிவிடும். ரசம் கொதிக்கக் கூடாது, நுரை கட்டியதும் இறக்க வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னது அந்த ஒரு நொடியைத்தான். பார்க்காமலே பிடிக்கலாம்.

எனக்கு அப்போதே உடம்பு சிலிர்த்தது. ஆனால் எதையும் சொல்லவில்லை. ரேடியோவை அணைத்திருந்தேன்.

தாளிப்பு கடைசியில். எண்ணெய், கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. "கடுகு வெடிக்கும்போது பேசாதீங்க. எண்ணுங்க" என்றார். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு பட்டாசுக் கட்டு. அது தணிந்து இரண்டு வெடிக்கு நடுவே ஒரு மூச்சு இடைவெளி விழும்போது மற்றதைப் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் கடுகு பச்சையாக நின்று கசக்கும், தாமதித்தால் கருகும். கடுகுக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகித் தோலைக் கிழிக்கும் சத்தம் அது. அக்கா தங்கையில் தங்கை குனிந்து கேட்கப்போய், ஒரு கடுகு கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. "காதைக் கொடுங்கன்னு சொன்னேன், முகத்தைக் கொடுக்கச் சொல்லல."

எப்படி இந்தப் பழக்கம் வந்தது என்று கேட்டேன். சிற்றுண்டிச்சாலையில் அவர் பிள்ளைகளைப் பார்த்து நிற்பார், பரிமாறும் மேசை முன்னால், மூன்று அடுப்பும் முதுகுக்குப் பின்னால். ஓய்வு நேரம் இருபது நிமிடம். திரும்பிப் பார்க்க நேரம் கிடையாது. எந்தச் சட்டியில் மீ ஒட்டுகிறது, எதில் முட்டை விளிம்பு முறுகுகிறது என்பதெல்லாம் முதுகில்தான் கேட்கும். "மூக்கு அன்னைக்கே செத்துப்போச்சு தம்பி. காலைல அஞ்சு மணிலேருந்து வெங்காயம் வதக்குனா, எட்டு மணிக்கு மூக்குக்கு எது என்னன்னு தெரியும்?"

பருப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மஞ்சள், பூண்டு, பச்சை மிளகாயோடு குழைய வேகவைத்து வெங்காயம் தாளித்துக் கொட்டினால் மைசூர் பருப்பு. பெர்த்துக்குப் போகும் பையன் அதை மனப்பாடம் செய்துகொண்டான். கஞ்சியும் அப்படித்தான். பொறுமை இருந்தால் போதும். துவையலுக்குத் தேங்காயை மின்னரைப்பானில் அரைக்கலாமா, அம்மியா என்று சகோதரிகளுக்குள் ஒரு சின்ன வழக்கு நடந்தது. ஆன்ட்டி அரைப்பானையே எடுத்துக் கொடுத்தார். பழையது எல்லாம் நல்லது என்ற கட்சி இல்லை அவர்.

சார்டினுக்கு வருகிறேன். அன்றைய வகுப்பே அதில்தான் இருந்தது.

நம் வீடுகளில் சார்டின் டின் இல்லாத அலமாரி உண்டா? சேவல் படம் போட்ட அந்த டின்னின் கதை 1892-இல் தொடங்குகிறது. அல்ஃபிரட் குளுவே என்ற பிரெஞ்சுக்காரர் அந்த ஆண்டு சிங்கப்பூரில் வணிகம் தொடங்கினார். சரக்கில் இருந்த சேவல் சின்னத்தைப் பார்த்து மக்கள் 'சாப் ஆயாம்' என்று கேட்டு வாங்க, கடைசியில் கம்பெனிக்கே அந்தப் பெயர் நிலைத்தது. கோழி பெயரில் மீன் விற்கும் அதிசயம் நம் நாட்டுப் பக்கம்தான் நடக்கும். தோட்டத்து லயங்களில் அது ஆடம்பரமும் இல்லை, அன்றாடமும் இல்லை. அம்மா கோலசிலாங்கூர் பக்கத்துப் பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, வேலை நின்றால் அன்றைய கூலியும் இல்லை. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், மழை விடாத மூன்றாம் நாள், தோட்டத்துக் கடையில் கணக்கெழுதி ஒரு டின் வரும். ஏழு பேருக்கு ஒரு டின். அதனால்தான் அதில் உருளைக்கிழங்கு நிறைய இருக்கும், மீன் தேட வேண்டும். மழைச் சத்தம் கேட்டால் சார்டின் ஞாபகம் வருவது இன்றும் பலருக்கு உண்டு. அது ருசியால் மட்டும் வந்த ஞாபகம் இல்லை.

ரயில்வே ஐயா அடுப்புப் பக்கம் அன்றுதான் முதல்முறை நிற்கிறார். அறுபத்தெட்டு வயது. மனைவி போய் ஒரு வருடம் முடிந்திருக்கிறது. ஆன்ட்டி அவர் கையிலேயே கரண்டியைக் கொடுத்தார். வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, தக்காளி, மீன் கறித்தூள், பிறகு டின் மீன், கொஞ்சம் புளி. முறையாகத்தான் செய்தார். வாசம் தூக்கியது. சோற்றில் போட்டு முதல் கவளம் அவருக்கு.

மென்றார். தலையாட்டினார். "நல்லா இருக்கும்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "அவ வச்சது இது இல்ல" என்றார்.

இப்படி ஒருவர் சொன்னால் என்ன செய்வது? நானாக இருந்தால், அவங்க கைமணம் யாருக்கு வரும் என்று ஏதாவது சொல்லி நகர்ந்திருப்பேன். நிகழ்ச்சியில் நேயர்களிடம் அப்படித்தான் சொல்வோம், சொன்னதும் ஒரு பாட்டு. ஆன்ட்டி நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணே, உருளைக்கிழங்கு போடுவாங்களா?"

"இல்ல."

"எலுமிச்சை பிழிவாங்களா, புளியா?"

"தெரியாதும்மா. நான் அடுப்புப் பக்கமே போனதில்ல."

"பெரட்டல் சிவப்பா இருக்குமா, கறுப்பா இருக்குமா?"

"கறுப்பா... கொஞ்சம் கறுப்பு."

"நீங்க எங்க உட்கார்ந்திருப்பீங்க?"

கேள்வி வித்தியாசமாக இருந்ததால் அவரே நிமிர்ந்து பார்த்தார். "ஹால்ல. பேப்பர் படிச்சுக்கிட்டு."

"என்ன சத்தம் கேட்கும்?"

அந்த ஐயா கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் ஐந்து பேரும் அசையவில்லை. டின் வெட்டும் சத்தம் என்றார். அப்புறம் வதக்குற சத்தம். அப்புறம் கரண்டி சட்டியைச் சுரண்டுற சத்தம், ரொம்ப நேரம். "சுரண்டிக்கிட்டே இருப்பா. எனக்கு எரிச்சலா வரும். அப்புறம் கடைசில, 'ஸ்ஸ்ஸ்'னு ஒண்ணு. பெருசா. அதோட மூடிபோடுவா. அந்த ஸ்ஸ்ஸ் கேட்டா நான் கை கழுவ எழுந்திருப்பேன்."

ஆன்ட்டி எழுந்துவிட்டார். "டின் கழுவுன தண்ணி!" என்றார்.

டின்னைத் தூக்கிப் போடும் முன் அரைக்கோப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி அதையும் குழம்பில் சேர்ப்பது தோட்டத்து வழக்கம். ஒட்டியிருக்கும் தக்காளிச் சாற்றை விட மனம் வராது. எல்லாரும் அதை நடுவிலேயே ஊற்றிவிடுவார்கள். இந்த அம்மா ஊற்றாமல் வைத்திருந்திருக்கிறார். தண்ணீர் இல்லாமல் மசாலாவும் மீனும் சட்டியில் பிடித்துக் கறுக்கும் வரை சுரண்டிச் சுரண்டிப் பிரட்டி, கடைசியில் அந்தத் தண்ணீரைச் சூட்டில் கொட்டி, அடிப்பிடித்ததையெல்லாம் கிளப்பி மூடியிருக்கிறார்.

இரண்டாவது டின் திறந்தோம். வகுப்பு நேரம் முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது, யாரும் கிளம்பவில்லை. ஐயாதான் சுரண்டினார். கை வலித்தபோது பெர்த் பையன் வாங்கிச் சுரண்டினான். தண்ணீர்ச் சத்தம் போய், எண்ணெய்ச் சத்தம் மட்டும் நின்றபோது ஆன்ட்டி டின்னை ஐயா கையில் கொடுத்தார். அவர் ஊற்றினார்.

ஸ்ஸ்ஸ்.

மூடியைப் போட்டவர், மூடியின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். சூடு தெரியவில்லையா, தெரிந்தும் எடுக்கவில்லையா, எனக்குத் தெரியாது. அந்தச் சீனப் பெண்தான் மெல்ல அவர் கையை எடுத்துவிட்டார்.

சாப்பிட்டுப் பார்த்துவிட்டு ஐயா சொன்னது ஒரே வார்த்தை. "கிட்டத்துல வந்துருச்சு." ஆன்ட்டிக்கு அது போதவில்லை. என்ன கறித்தூள் என்று வீட்டில் பழைய பாக்கெட் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறும் அவரை வரச்சொல்லியிருக்கிறார், காசு இல்லாமல்.

எல்லாரும் டப்பாவைக் கட்டும்போது நான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். சுருக்கமாகத்தான். ஆன்ட்டி கேட்டுவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். "உப்பு நாக்குல தெரியும் தம்பி, மூக்கு வேணாம். ஆனா அவங்களுக்கு நம்பிக்கை போயிருக்கும். ஒரு தடவை, அவங்க கண்ணளவுல அள்ளுற உப்பைக் கரண்டியில போட்டு அளந்து வச்சுக்குங்க. அப்புறம் அந்தக் கரண்டிதான். ரெண்டாவது, நீங்க ஆக்கிக் கொடுக்காதீங்க. கூட நில்லுங்க."

அன்று மாலை புச்சோங்கில், தொலைக்காட்சியை அணைத்தேன், காற்றாடியை நிறுத்தினேன். "என்னப்பா, கரண்டு பில்லு கட்டலையா?" என்றார் அம்மா. ரசம் வைக்கலாம் என்றேன். ஆய்ந்த கறிவேப்பிலையை நீட்டிவிட்டு வழக்கம்போல ஒதுங்கி நின்றவரை, அடுப்பு முன்னால் இழுத்து நிறுத்தினேன். சட்டி முனக ஆரம்பித்தது. கேளுங்கள் என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் 'இதைச் சொல்லித் தர 120 வெள்ளியா' என்பது இருந்தது. ஆனால் தலை கொஞ்சம் சாய்ந்தது. முனகல் ஏறியது. நான் அடுப்பை அணைக்கக் கையை நீட்டினேன்.

"இரு" என்றார். "இன்னும் இல்ல. இன்னும் கத்துது பாரு."

இரண்டு மூச்சு கழித்து அது அடங்கியது. அவரே அணைத்தார். தாளிப்புக் கரண்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். கடுகு வெடித்து ஓயும் இடைவெளியை நான் எண்ணிக்கொண்டிருந்தேன், அவர் எண்ணவில்லை. சரியான இடத்தில் கறிவேப்பிலையைப் போட்டார். நாற்பது வருடமாக அந்தச் சத்தம் அவர் காதில் இருந்திருக்கிறது. மூக்கு முன்னால் நின்றதால் காதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். உப்பைக் கையால் அள்ளினார். நான் கரண்டியை நீட்டினேன், ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அதைச் சுவரில் இருக்கும் நாள்காட்டியில் எழுதிவைத்திருக்கிறோம்.

இரண்டு கோப்பையில் ஊற்றி மேசைக்குக் கொண்டுவந்தார். குடித்தார்.

"புளிப்பு இருக்கு. உப்பு சரியா இருக்கு. காரம் தொண்டைல நிக்குது." கோப்பையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வாசம் எப்படிப்பா இருக்கு? சொல்லேன்."

பேசிப் பிழைக்கிறவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு வாய் குடித்தேன். பெருங்காயம்தான் முதல்ல வருதும்மா, வாசல்லயே நிக்குற ஆள் மாதிரி, என்றேன். அது நகர்ந்ததும் பூண்டு. பூண்டுக்குப் பின்னால மிளகு, ஆனா மிளகு வாசம் மேல போகாம பக்கவாட்டுல போகுது. கறிவேப்பிலை இப்பதான் விழுந்ததால பச்சையா, மழை விட்டதும் கொல்லைப்பக்கம் போனா வருமே, அப்படி.

அம்மா கோப்பையைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சீரகம்?"

இன்னொரு வாய் குடித்தேன். "கொஞ்சம் கம்மியா இருக்கும்மா."

"நானும் நெனச்சேன்" என்றார். "நாளைக்குக் கூட்டிப் போடுவோம்."